வால் குழைக்கும் நாய் என்ன சொல்கிறது?

நாலடியாரில் நட்பைப் பற்றிய ஒரு பாடல் யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகிறது. யானை எவ்வளவு காலம் பழகியிருந்தாலும் தன் பாகனையே கொன்றுவிடும். நாயோ, எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதும் எறிந்தவனைப் பார்த்து வால் குழைக்கும். ஆகவே யானை போன்றவர்களை விட்டு நாய் போன்றவர்களோடு உறவு கொள் என்பது அறிவுரை. அந்த அறிவுரையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம். பாடலின் நடுவே நிற்கும் நாயிடம்தான் யாரும் எதுவும் கேட்பதில்லை. வேல் தைத்த உடம்போடு ஒரு நாய் வாலைக் குழைத்தால் அது என்ன சொல்கிறது? ‘உன்னை மன்னித்தேன்’ என்றா? ‘இன்னும் உன்மேல் அன்பாக இருக்கிறேன்’ என்றா? அல்லது ‘இன்னொரு வேலை எறிந்துவிடாதே’ என்றா?

புலவர் முதல் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார். மூன்றாவதாகவும் இருக்கலாம் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

தமிழ் அந்த வாலுக்கு ஒரே பொருளைக் கொடுத்ததில்லை. வாலாட்டுவது நாயின் மகிழ்ச்சி. அதையே மனிதர்மேல் ஏற்றி, “அவருக்கு முன்னாலை போய் வாலாட்டிக்கொண்டு நிக்கிறான்” என்றால் பிழைப்புக்காகப் பணிவது. “என்னட்டை வாலாட்டாதை” என்றால் துடுக்குத்தனம். வாலைச் சுருட்டிக்கொண்டு போனால் பயம். பாடலில் வரும் ‘குழைத்தல்’ இன்னும் நுட்பமான சொல். சோறு குழைகிறது, மண் குழைகிறது, குரல் குழைகிறது. விறைப்பு விட்டு இளகுவது எல்லாம் குழைவுதான். அன்பிலும் குழையலாம், பயத்திலும் குழையலாம். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கும் மொழி, நாய் என்று வந்ததும் அன்பை மட்டும் எடுத்து அதற்கு நன்றி என்று பெயர் வைத்துவிட்டது.

ஓல்போர்க்கில் உள்ள எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். எங்களிடம் ஒரு நாய் இருக்கிறது. சரியாகச் சொன்னால் அது என் மகளின் நாய். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் நான் அதற்குக் காவல். டென்மார்க்கில் தமிழ் வீடுகளுக்குள் நாய்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்தன, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு. ஊரில் படலைக்கு உள்ளே, வீட்டு வாசலுக்கு வெளியே என்று நாய்க்கு ஒரு எல்லை இருந்தது. இங்கே அது சோபாவில் படுத்திருக்கிறது. பெற்றோர் முதலில் மூக்கைச் சுளித்தார்கள். பிறகு குளிர்காலத்தில் அதற்குக் கால் துடைக்கத் துணி தேடினார்கள்.

எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். வந்தவர் குனிந்து நாயின் தலைக்கு மேலாகக் கையை நீட்டித் தடவுவார். நாய் தலையை ஒரு பக்கம் திருப்பும், மூக்கை ஒருமுறை நக்கும், வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விடும், வாலைத் தாழ்வாக ஆட்டும். “பாத்தியளே, என்னைக் கண்டவுடனை சிரிக்குது” என்பார் வந்தவர். “இல்லை மாமா, அது உங்களைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுது” என்பாள் மகள். மாமாவின் முகம் சற்று வாடும். நாய் தன்னை விரும்பவில்லை என்று கேட்பது யாருக்கும் இனிப்பதில்லை. ஒருமுறை ஒரு மாமி மகளிடம் நேராகவே கேட்டார்: “நாய் உனக்கு வந்து சொன்னதோ, பிள்ளை?”

மாமியின் கேள்வி நியாயமானது. நாய் சொன்னதா, நாங்கள் சொல்லிக்கொள்கிறோமா?

மகள் தன் பதிலை வெறுங்காற்றில் இருந்து எடுக்கவில்லை. நோர்வேயைச் சேர்ந்த நாய்ப் பயிற்சியாளர் தூரிட் ருகோஸ் 1990களில் ‘அமைதிச் சமிக்ஞைகள்’ என்று ஒரு தொகுதியை விவரித்தார். நித்திரை இல்லாமல் கொட்டாவி விடுவது, உணவு இல்லாமல் மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்புவது, திடீரென்று நிலத்தை மோப்பம் பிடிப்பது, நேராக வராமல் வளைந்து வருவது. நாய்கள் தங்களுக்குள் மோதலைத் தவிர்க்கவும் தங்கள் பதற்றத்தை அடக்கவும் இவற்றைச் செய்கின்றன என்பது அவர் கருத்து. பிரித்தானிய மிருக வைத்தியர் கென்டல் ஷெப்பர்ட் இவற்றை ஓர் ஏணியாக அடுக்கினார். கண் சிமிட்டல், கொட்டாவி, மூக்கு நக்கல் ஆகியவை கீழ்ப்படி. பிறகு முகத்தைத் திருப்புதல், உடம்பைத் திருப்புதல், விலகிப் போதல், வாலை உள்ளே இழுத்துப் பதுங்குதல். அதற்கும் மேலே விறைத்து நின்று முறைத்தல், உறுமல், பல்லைக் காட்டி வெட்டுவது போல் பாய்தல். உச்சியில்தான் கடி. கீழ்ப்படிகளில் நின்று சொன்னதை யாரும் கேட்காவிட்டால் நாய் மேலே ஏறும். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை அந்தப் படியைத் தாண்டி நேராகக் கடிக்குப் போய்விடவும் கூடும். “ஒண்டுமில்லாமல் திடீரெண்டு கடிச்சுப்போட்டுது” என்று சொல்லப்படும் பல கதைகளில் நாய் முன்பே பல முறை பேசியிருக்கும்.

கேட்காமல் விட்டதன் விலையையும் பெரும்பாலும் நாயே கொடுக்கிறது. டென்மார்க்கில் ஒவ்வொரு நாயும் எட்டு வார வயதுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். 2010 ஜூலை முதல் பதின்மூன்று இனங்களுக்குத் தடை. மனிதரையோ இன்னொரு நாயையோ மோசமாகக் கடித்துக் குதறிய நாயைக் கொல்லும்படி பொலிஸ் உத்தரவிட முடியும். ஒரு கொட்டாவியைச் சரியாக வாசிக்கிறோமா என்பது சில வேளைகளில் உயிர்ப் பிரச்சினை.

அப்படியானால் நன்றாக வாசிக்கப் பழகினால் போதுமே என்று தோன்றும். ஆனால் நன்றாக வாசிப்பதற்கு இடைஞ்சலாக நிற்பது அறியாமை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாயின் உடம்பைக் கவனமாகப் பார்த்து எழுதியவர்களில் முதல்வர் சார்ல்ஸ் டார்வின். 1872இல் வெளிவந்த தன் நூலில் அவர் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிக்காட்டும் விதத்தை ஆராய்ந்தார். சண்டைக்கு நிற்கும் நாய் நிமிர்ந்து, விறைத்து, வாலை உயர்த்தி நடக்கிறது. தன் எசமானைக் கண்ட நாய் அதற்கு நேர் எதிராகத் தாழ்ந்து, வளைந்து, உடம்பெல்லாம் நெளிய வருகிறது. எதிரான உணர்ச்சிக்கு எதிரான உடல்நிலை என்பது அவர் கண்ட விதி. எங்கள் ‘குழைத்தல்’ அங்கே நிற்கிறது. வாலைப் பற்றி 2007இல் இத்தாலியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. முப்பது நாய்களைப் பார்த்ததில், எசமானைக் கண்டபோது வால் தன் வலப்பக்கமாக அதிகம் சாய்ந்து ஆடியது. அறிமுகமில்லாத, ஆதிக்கம் காட்டும் நாயைக் கண்டபோது இடப்பக்கமாகச் சாய்ந்தது. வாலாட்டம் எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு அளவுகோல் வைத்துச் சொன்ன சான்று அது.

இனி மறுபக்கம். 2009இல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் பதினான்கு நாய்களை அவற்றின் வீடுகளிலேயே சோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லித் தின்பண்டத்தை வைத்துவிட்டு எசமான் வெளியே போவார். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்று ஆய்வாளர் அவருக்குச் சொல்வார். சில வேளை உண்மையைச் சொல்வார், சில வேளை பொய்யைச் சொல்வார். ‘குற்றவாளி முகம்’ என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தலைகுனிவு, காதைப் பின்னுக்கு இழுத்தல், கண்ணைத் தவிர்த்தல் எல்லாம் நாய் தின்றதா என்பதைப் பொறுத்து வரவில்லை. எசமான் ஏசினாரா என்பதைப் பொறுத்து வந்தன. தின்னாமல் இருந்தும் ஏச்சு வாங்கிய நாய்களிடம் அந்த முகம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. நாங்கள் ‘திருட்டு முழி’ என்போமே, அந்த முழியில் திருட்டு இருக்கவில்லை. ஏசுபவரின் கோபம் இருந்தது.

2025இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹாலி மொலினாரோவும் கிளைவ் வின்னும் இன்னொரு வகையில் இதையே காட்டினார்கள். ஒரு நாயைப் பல நிலைமைகளில் படம் எடுத்தார்கள். நடைக்குப் போகும் கயிற்றைக் காட்டுவது போன்ற மகிழ்ச்சியான நிலைமைகள் சில, தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் காட்டுவது போன்ற விரும்பாத நிலைமைகள் சில. பிறகு காணொளியை வெட்டி ஒட்டி, ஒரு நிலைமையில் நாய் காட்டிய முகத்தை இன்னொரு நிலைமையோடு சேர்த்துப் பார்வையாளருக்குப் போட்டார்கள். பார்த்தவர்கள் நாயைப் பார்க்கவில்லை, சுற்றியிருந்ததைப் பார்த்தார்கள். கயிறு தெரிந்தால் நாய் மகிழ்ச்சியாக இருக்கிறது என்றார்கள். இயந்திரம் தெரிந்தால் பயப்படுகிறது என்றார்கள்.

இவற்றைப் படித்துவிட்டு, நாயின் மனத்தை அறியவே முடியாது, எல்லாம் எங்கள் கற்பனை என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. அதற்கு டிசம்பர் 31 இரவே காரணம்.

டென்மார்க்கில் டிசம்பர் 27 முதல் ஜனவரி 1 வரை பொதுமக்கள் வாணவேடிக்கை விடலாம். புத்தாண்டு இரவில் ஓல்போர்க்கின் வானம் முழுவதும் வெடிக்கும். எங்கள் நாய் மாலையிலேயே குளியலறை மூலைக்குப் போய்விடும். நடுங்கும், மூச்சு வாங்கும், எச்சில் வழியும், வைத்த இறைச்சியைத் தொடாது. நான் 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்த நாட்களைப் பார்த்தவன். அந்த மூலையில் அதன் பக்கத்தில் போய் உட்காரும்போது, இது பயம்தானா என்று எனக்கு ஒரு சந்தேகமும் எழுவதில்லை. வீட்டுக்கு வந்த மாமாவுக்கும் எழுவதில்லை, மாமிக்கும் எழுவதில்லை. “பாவம், பயந்துபோச்சு” என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறோம், சரியாகவே சொல்கிறோம்.

ஏன் அந்த இரவில் மட்டும் எல்லோருக்கும் விளங்குகிறது? பயம் மற்ற உணர்ச்சிகளைவிட வெளிப்படையானது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தில் எங்களுக்கு ஒரு பங்கும் இல்லை. நாய் வெடிக்குப் பயப்படுவதால் எங்கள் பெருமை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நாய் என்னை விரும்ப வேண்டும், செய்த பிழையை உணர வேண்டும், போட்ட சோற்றை நினைக்க வேண்டும் என்று நாங்கள் எதையாவது எதிர்பார்க்கும் இடங்களில்தான் வாசிப்பு தடுமாறுகிறது. அன்பு, குற்ற உணர்வு, நன்றி. இந்த மூன்றும் எங்களை நோக்கிய உணர்ச்சிகள். எங்களைப் பற்றிய செய்தி என்றால் எங்களுக்கு நல்லதாகவே கேட்கிறது.

நாயின் முகம் எங்களுக்குப் பிடித்தபடி வளர்ந்திருக்கிறது என்பதும் விடயத்தைச் சிக்கலாக்குகிறது. 2019இல் ஜூலியான் காமின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் நாய்களின் முகத்தசைகளை ஓநாய்களினதோடு ஒப்பிட்டார்கள். உட்புருவத்தை மேலே தூக்கும் ஒரு தசை நாய்களிடம் நன்கு வளர்ந்திருந்தது; ஓநாய்களிடம் சில நார்களாக மட்டுமே இருந்தது. அந்தத் தசை இயங்கும்போது கண் பெரிதாகி, குழந்தை அழப்போவது போல ஒரு முகம் வரும். பல ஆயிரம் ஆண்டுகளாக அந்த முகத்துக்கு மனிதர் இரங்கியிருக்கிறார்கள் என்பது அவர்களின் விளக்கம். இதற்கு முன்னர், 2013இல், காப்பகங்களில் இருந்த 27 நாய்களை ஆராய்ந்தபோது, புருவத்தை அதிகம் தூக்கிய நாய்களுக்கே விரைவாக வீடு கிடைத்தது தெரியவந்தது.

அந்த முடிவை ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பார்க்கலாம். இரக்கம் காட்டுபவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களின் இரக்கம் தேவையின் அளவைப் பார்த்து நகரவில்லை. தங்களுக்கு வாசிக்கத் தெரிந்த முகத்தைப் பார்த்து நகர்ந்தது. புருவம் தூக்காத நாய்க்கும் கூண்டு அதே கூண்டுதான்.

2025 ஓகஸ்டில் எங்கள் ஊர் உலகச் செய்திகளில் வந்தது. ஓல்போர்க் மிருகக்காட்சிசாலை, வேண்டாத கோழி, முயல், கினிப்பன்றி, குதிரை ஆகியவற்றைத் தரும்படி பொதுமக்களைக் கேட்டிருந்தது. அவற்றை ஊழியர்கள் நோகாமல் கொன்று, ஊனுண்ணிகளுக்கு இயற்கையில் கிடைப்பது போன்ற முழு இரையாகக் கொடுப்பார்கள். உலகம் கொதித்தது, இங்கே பலர் தோளைக் குலுக்கினார்கள். ஒரு சிறுத்தைப் பூனைக்கு ஏதோ ஒரு இறைச்சி வேண்டும். தொழிற்பண்ணைக் கோழியைவிட வீட்டில் நன்றாக வாழ்ந்த முயல் துன்பம் குறைந்த இரை என்பது அவர்களின் வாதம். அதை இங்கே தீர்க்க நான் முயலவில்லை. என் கண்ணில் பட்டது அந்தப் பட்டியல். அதில் நாய் இல்லை. நாயைக் கேட்டிருந்தால் இந்த நாட்டிலேயே யாரும் தோளைக் குலுக்கியிருக்க மாட்டார்கள். 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள டெனிஸ் விலங்கு நலச் சட்டம், விலங்குகளை உயிரும் உணர்வும் உள்ளவையாக மதிப்பதைத் தன் நோக்கத்தில் சொல்கிறது. முயலும் அதற்குள் அடங்கும். ஆனால் முயல் இரையாக வாழ்ந்து வந்த இனம். வலியை மறைப்பதே அதன் தற்காப்பு. அதன் முகத்தில் வலியைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் தனியாக அளவுகோல் தயாரிக்க வேண்டியிருந்தது. நாய் பேசுகிறது, முயல் மௌனமாக இருக்கிறது. எங்கள் அறம் பேசுபவரின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில் எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நான் 1988இல் இந்த நாட்டுக்கு வந்தேன். அப்போது டெனிஸ்காரர் எங்களைப் பற்றிச் சொன்ன பாராட்டுகளில் ஒன்று, தமிழர் எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பவர்கள் என்பது. உண்மைதான், சிரித்தோம். மொழி தெரியாதபோது சிரித்தோம். கேட்ட கேள்வி விளங்காதபோது சிரித்தோம். கோப்பில் என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாமல் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது இன்னும் அதிகமாகச் சிரித்தோம். அந்த ஆண்டுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது இன்று வரலாறு. 1987 முதல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக முடக்கி வைத்தார். அந்த ‘தமிழர் வழக்கு’ காரணமாக 1993 ஜனவரியில் போல் ஸ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995இல் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளியாகக் கண்டது. மனைவி ஒரு நாட்டில், பிள்ளை ஒரு நாட்டில் என்று காத்திருந்தவர்கள் அந்த ஆண்டுகள் முழுவதும் அதிகாரிகளுக்கு முன்னால் சிரித்த முகத்தோடுதான் இருந்தார்கள். அதைப் பார்த்தவர்கள், இவர்கள் நன்றியுள்ள மனிதர், இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று வாசித்தார்கள். சிலருக்கு உண்மையிலேயே நன்றி இருந்தது. எனக்கும் இருந்தது, இருக்கிறது. ஆனால் எந்தச் சிரிப்பு நன்றி, எந்தச் சிரிப்பு பயம் என்று மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

நாயைப் பற்றி எழுதத் தொடங்கி எங்கள் சனத்தை அதனோடு ஒப்பிடுகிறேனா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தமிழில் நாய் ஒரு வசைச்சொல். வைரவரின் வாகனமாக வைத்தும், வீட்டுக் காவலுக்கு வைத்தும் அந்த வசையை நாங்கள் விடவில்லை. மாணிக்கவாசகர் இறைவன் முன் தன்னை நாயிலும் கீழானவன் என்றது தாழ்மையின் எல்லையைக் காட்டத்தான். ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒப்பிடுவது வாசிப்பவர்களை. தலையைத் தடவிக்கொண்டு “சிரிக்குது” என்று சொல்லும் மாமாவும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து “சிரிக்கிறார்கள்” என்று எழுதிய அதிகாரியும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். இருவரும் கெட்டவர்கள் இல்லை. இருவருமே, எதிரில் உள்ளவர் வேறு எந்த முகத்தைக் காட்டியிருக்க முடியும் என்று கேட்காமல், காட்டிய முகத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். மறுக்க வழியில்லாத இடத்தில் தெரியும் அன்பை நம்பி எடுத்துக்கொள்ள முடியாது. அது அன்பாகவே இருக்கலாம்; ஆனால் பார்ப்பவருக்கு அதை அறியும் உரிமை இன்னும் கிடைக்கவில்லை. கழுத்தைக் கட்டிப்பிடித்த குழந்தையின் கைக்குள் நிற்கும் நாய், ஏச்சு விழும் மூலையில் நிற்கும் நாய், வேல் தைத்து நிற்கும் நாய், மூன்றுக்கும் போக இடமில்லை. அங்கே வால் என்ன செய்தாலும் அது ஒரே விடைதான். ஏனென்றால் ஒரு விடைக்குத்தான் அங்கே இடம் இருக்கிறது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அப்படிப் பார்த்தால் வளர்ப்பு நாய் எங்கே சுதந்திரமாக இருக்கிறது? உணவு எங்கள் கையில், கதவு எங்கள் கையில், அது பிள்ளை பெறலாமா என்பதுகூட எங்கள் கையில். ஊர் நாய்க்காவது ஒழுங்கை இருந்தது. அது காலையில் படலைக்கு அடியால் புகுந்து போய், நாலு வீட்டு நாய்களோடு சண்டையும் சமாதானமும் செய்து, மத்தியானம் சோற்றுக்குத் திரும்பும். பட்டினியும் கல்லெறியும் விசர்நோயும் அதன் பங்கில் இருந்தன. அதை நான் மறக்கவில்லை. ஆனால் திரும்பி வருவது அதன் முடிவாக இருந்தது. ஓல்போர்க் நாய்க்கு வைத்தியரும் காப்புறுதியும் உண்டு. வாரம் 37 மணித்தியாலம் வேலை செய்யும் குடும்பத்துக்காகப் பகல் முழுவதும் கதவைப் பார்த்தபடி படுத்திருப்பதும் அதற்கு உண்டு. மாலையில் கதவு திறந்ததும் அது துள்ளுவதை எவ்வளவு அன்பு என்பது, எவ்வளவு விடுதலை என்பது?

எதிர்வாதம் சரி. முழுச் சுதந்திரத்தை எங்களால் கொடுக்க முடியாது. ஆனால் சிறு சிறு மறுப்புகளுக்கு இடம் கொடுக்க முடியும். கேட்கும் கலை அங்கேதான் தொடங்குகிறது. டென்மார்க்கில் ஹுண்டஸ்கோவ் என்று நாய்களுக்கான காடுகள் உண்டு. நாயைக் கயிற்றில் இருந்து அவிழ்த்துவிடக்கூடிய வேலியிட்ட தோப்புகள். அங்கே போய் நின்று பார்த்தால் நாயின் மொழி திடீரென்று தெளிவாகிவிடும். கயிற்றில் நிற்கும்போது எதிரே வரும் நாயைப் பார்த்துக் குரைக்கும் அதே நாய், கயிறு இல்லாதபோது ஒரு வளைவு எடுத்து, நிலத்தை மோந்து, பக்கவாட்டில் போய் நிற்கும், பிடிக்காவிட்டால் விலகிவிடும். விலக முடிவதால் குரைக்கத் தேவையில்லை. கூப்பிட்டால் சில வேளை வராது. அது வராமல் விட முடிகிற இடத்தில் வரும்போதுதான் அந்த வருகைக்கு ஒரு பொருள் இருக்கிறது.

நாய் தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் எளிய முறை ஒன்றும் இதே கருத்தில் நிற்கிறது. நாய் தானாகக் கிட்ட வந்தால், தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சில் அல்லது தோளில் மூன்று விநாடி தடவு. கையை எடு. பொறு. நாய் உடம்பைச் சாய்த்து வந்தால் தொடரலாம். முகத்தைத் திருப்பினால், மூக்கை நக்கினால், அசையாமல் நின்றாலும்கூட, அதோடு விடு. இதில் விசேடம் தடவுவதில் இல்லை. கையை எடுப்பதில் இருக்கிறது. கை எடுத்த பிறகுதான் நாய்க்குப் பேச ஓர் இடைவெளி கிடைக்கிறது.

எல்லா வாசிப்பையும் இப்படித் திருத்திவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்து லட்சக்கணக்கான சனம் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது என் அக்காவும் நடந்தார். வளவில் நின்ற நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டு, இருந்த சோற்றைக் கொட்டிவிட்டுப் போனார். நாய் ஒழுங்கை முகப்பு வரை வந்து, அங்கேயே நின்று வாலாட்டியதாம். பின்னால் வரவில்லை. “எங்களைப் போகச் சொல்லித்தான் நிண்டது” என்று முப்பது ஆண்டுகளாக அக்கா சொல்கிறார். ஒழுங்கை நிறைந்து போன சனத்துக்கு அது பயந்திருக்கலாம். சோற்றிடம் திரும்பப் போக நினைத்திருக்கலாம். வழக்கம்போல மாலையில் வந்துவிடுவார்கள் என்று நின்றிருக்கலாம். அக்காவின் வாசிப்பை நான் மறுத்ததில்லை. அது இனி அந்த நாய்க்கு எதையும் செய்யப் போவதில்லை; அக்காவுக்கு மட்டும் தேவைப்படுகிறது. இறந்துபோனவற்றின் வாலை எப்படி வாசித்தாலும் அவை தாங்கிக்கொள்ளும்.

உயிரோடு எதிரில் நிற்பவற்றின் விடயம் வேறு. மேசைக்கு முன்னால் சிரித்த நாங்கள் பிறகு மொழி படித்தோம். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்பதை எங்கள் பிள்ளைகளுக்கும் இந்த நாட்டுக்கும் எங்கள் வாயாலேயே சொல்ல முடிந்தது. இதோ, இப்போதும் சொல்கிறேன். நாய்க்கு அந்த ‘பிறகு’ வருவதே இல்லை. தன்னைப் பற்றி எழுதப்பட்டதை அது ஒருநாளும் திருத்தப் போவதில்லை. அதனால்தான் அதை வாசிப்பவருக்குப் பொறுப்பு கூடுகிறது. சந்தேகம் வந்தால் அதன் பலன் நாய்க்குப் போக வேண்டும், எங்கள் பெருமைக்கு அல்ல.

மாமி கேட்ட கேள்விக்கு, நாய் உனக்கு வந்து சொன்னதோ என்பதற்கு, மகள் அன்று பதில் சொல்லவில்லை. நாயின் பக்கத்தில் இருந்த கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி, கதவுப் பக்கம் வழி விட்டாள். நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

“சொல்லிப்போட்டுது, மாமி” என்றாள்.